அப்பாவின் விரல் வேகமும் மரபணுவும்: முதுமையில் வரும் தாமதம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: செங்கமலம்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 74 வயது ஆகிறது. முப்பத்தெட்டு ஆண்டுகள் எங்கள் ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி, லோயர், ஹையர் தேர்வுகளுக்குப் பல நூறு மாணவர்களைத் தயார் செய்தவர். அதை மூடியபோது இயந்திரங்களையெல்லாம் விற்றுவிட்டு, ஒன்றை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டார்.

கடந்த ஓராண்டாக அவரிடம் ஒரு தாமதத்தைக் காண்கிறோம். கேட்ட கேள்விக்குச் சரியான விடைதான் சொல்கிறார். ஆனால் அது சற்று நேரம் கழித்து வருகிறது. மேசை விளிம்பிலிருந்து சரியும் டம்ளரைப் பிடிக்க அவர் கையை நீட்டுவதற்குள் அது தரையில் கிடக்கிறது. சென்ற மாதம் ஸ்கூட்டரில் போகும்போது குறுக்கே வந்த ஆட்டைப் பார்த்தும் பிரேக் பிடிக்கத் தாமதமாகிவிட்டது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. ஆனால் அதே மனிதர் தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்தால், இன்றைக்கும் என் தம்பியைவிட வேகமாக, பிழையில்லாமல் அடிக்கிறார். இந்த முரண் எனக்குப் புரியவில்லை.

எங்கள் பெரியப்பாவுக்கு 78 வயதில் டிமென்ஷியா என்று சொன்னார்கள். கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர் எங்கள் யாரையும் அடையாளம் காணவில்லை. முதுமையில் மூளையின் வேகம் 60 விழுக்காட்டுக்கு மேல் மரபணுவால் அமைகிறது என்று ஒரு கட்டுரையில் படித்ததிலிருந்து எனக்குச் சரியான உறக்கம் இல்லை. எச்சில் மாதிரியை அனுப்பி அப்பாவுக்கு மரபணுச் சோதனை செய்துவிடலாம் என்கிறான் தம்பி. அந்த 60 விழுக்காடு எதைக் குறிக்கிறது? கை மெதுவாவதற்கும் அறிவு மங்குவதற்கும் காரணம் ஒரே மரபணுக்கள்தானா? இந்தச் சோதனையால் பயன் உண்டா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: எண்ணும் எழுத்தும்

வணக்கம். நான் கல்லூரியில் உயிரியல் புள்ளியியல் கற்பிப்பவன்; மருத்துவன் அல்லன். ஆகவே அந்த எண்ணின் பொருளை மட்டும் விளக்குகிறேன்.

நீங்கள் படித்த எண் பெரும்பாலும் ஸ்வீடன் நாட்டு இரட்டையர் ஆய்விலிருந்து எடுத்ததாக இருக்கும். எண்பது வயதும் அதற்கு மேலும் ஆன 240 ஜோடி இரட்டையரைச் சோதித்து, 1997-இல் 'சயன்ஸ்' இதழில் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 110 ஜோடியினர் ஒரு கரு இரட்டையர்; எஞ்சிய 130 ஜோடியினர் இரு கரு இரட்டையர். ஒரு கரு இரட்டையரின் மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒன்றாக இருக்கும். இரு கரு இரட்டையருக்கு, மற்ற உடன்பிறப்புகளைப் போலவே, மக்களிடையே மாறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதிதான் பொதுவாக இருக்கும். முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு கூடுதலாக ஒருவரையொருவர் ஒத்திருக்கிறார்கள் என்பதைக் கொண்டு மரபின் பங்கைக் கணக்கிடுவார்கள். அந்த ஆய்வில் பொது அறிதிறனுக்கு 62 விழுக்காடும், செயல் வேகத்துக்கு அதே 62 விழுக்காடும், நினைவாற்றலுக்கு 52 விழுக்காடும், இடவமைப்பை உணரும் திறனுக்கு 32 விழுக்காடும் கிடைத்தன.

இந்த 62-ஐ உங்கள் தந்தையின் மீது ஏற்றிப் பார்க்கக் கூடாது. அவருடைய வேகத்தில் 62 பங்கு மரபணு, 38 பங்கு வாழ்க்கை என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தில், ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்பதையே அது அளக்கிறது. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரேவிதமான பள்ளிக்குச் சென்று, ஒரேவிதமான உணவும் மருத்துவமும் பெற்ற நாட்டில், சூழலால் வரும் வேறுபாடு சுருங்கிவிடுவதால் மரபின் பங்கு பெரிதாகத் தெரியும். ஒரு வீட்டுப் பிள்ளை கல்லூரி வரை படிக்க, அடுத்த வீட்டுப் பிள்ளை ஐந்தாம் வகுப்போடு வயலில் இறங்கிய ஊரில், அதே மரபணுக்கள் இருந்தும் அந்தப் பங்கு குறையக்கூடும். ஆண்டுதோறும் என் மாணவர்களும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அடுத்து, உங்கள் கவலை வேறொன்றைப் பற்றியது. அப்பா மற்றவர்களைவிட மெதுவானவரா என்று நீங்கள் கேட்கவில்லை. முன்பிருந்த அப்பாவைவிட இப்போது ஏன் மெதுவாகிறார் என்று கேட்கிறீர்கள். ஆள்களுக்கு இடையிலான வேறுபாடு ஒன்று, ஒரே ஆளுக்குள் நேரும் மாற்றம் மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பை நமக்கு அளித்தது ஸ்காட்லாந்து. 1932 ஜூன் 1 அன்று, 1921-இல் பிறந்து அங்கே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் 87,498 பேருக்கு ஒரே அறிதிறன் தேர்வை வைத்தார்கள். அந்தப் பழைய பேரேடுகள் அழியாமல் இருந்தன. எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் டியரியும் அவருடைய குழுவினரும் 1999 முதல், அப்போது எண்பது வயதை நெருங்கிய அதே மனிதர்களில் 550 பேரைத் தேடிக் கண்டுபிடித்து, பதினோரு வயதில் எழுதிய அதே தேர்வை மீண்டும் எழுத வைத்தார்கள். ஆய்வுலகில் இதைப் போல என் மனத்தைத் தொட்ட முயற்சி வேறில்லை.

இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் எண்; உறவே இல்லையென்றால் 0, முழு உறவென்றால் 1) 0.66. அதை வர்க்கப்படுத்தினால் சுமார் 44 விழுக்காடு. அதாவது, எண்பது வயதில் மனிதர்களுக்கிடையே தெரியும் அறிதிறன் வேறுபாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி அவர்கள் பதினோரு வயதில் இருந்தபோதே இருந்தது. எஞ்சியதில்தான் இடைப்பட்ட வாழ்க்கை, நோய்கள், அளவீட்டுப் பிழை ஆகிய அனைத்தும் அடங்கும். பின்னர் 2012-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வில், ஒருவருக்கொருவர் உறவில்லாத 1,940 பேரின் மரபணுக்களை நேரடியாகப் படித்து, சிறுவயதிலிருந்து முதுமை வரை நேர்ந்த மாற்றத்தில் பொதுவான மரபு வேறுபாடுகளின் பங்கு சுமார் 24 விழுக்காடு என்று மதிப்பிட்டார்கள். பிழை வரம்பு அகலமானது என்பதால் இதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். சிறுவயது அறிதிறனுக்கும் முதுமை அறிதிறனுக்கும் உள்ள மரபணு ஒட்டுறவு 0.62 என்றும் கண்டார்கள். பிள்ளைப் பருவத்தில் துணைநிற்கும் மரபுக் கூறுகளில் பெரும்பகுதி முதுமையிலும் துணைநிற்கிறது; ஆனால் முழுவதும் அல்ல.

கையின் வேகமும் அறிவும் ஒன்றா என்று கேட்டிருந்தீர்கள். மேற்கு ஸ்காட்லாந்தில் 56 வயதுடைய சுமார் 900 பேரைச் சோதித்தபோது, ஒரே விளக்கு எரிந்ததும் ஒரே பொத்தானை அழுத்தும் எளிய எதிர்வினை நேரத்துக்கும் அறிதிறன் மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு −0.31; நான்கில் சரியான பொத்தானைத் தேர்ந்து அழுத்தும் நேரத்துக்கு −0.49. கழித்தல் குறி, நேரம் கூடினால் மதிப்பெண் குறையும் போக்கைக் காட்டுகிறது. தேர்வு செய்ய வேண்டிய வேலை கூடக்கூட, அறிவோடு உள்ள உறவும் நெருங்குகிறது. இருந்தாலும் 0.49-ஐ வர்க்கப்படுத்தினால் 24 விழுக்காடுதான்.

மரபணு அளவிலும் இதே நிலைதான். பிரிட்டனில் லட்சக்கணக்கானவர்களின் உடல்நல, மரபணு விவரங்களைத் திரட்டிவைத்திருக்கும் யூகே பயோபேங்கில், திரையில் தோன்றும் இரண்டு சீட்டுகள் ஒன்றாக இருந்தால் உடனே பொத்தானை அழுத்தும் சோதனை உண்டு. 3,30,069 பேரின் எதிர்வினை நேரத்தை மரபணுக்களோடு ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்டபோது, மரபணுத் தொகுதியில் அதோடு தொடர்புடைய 42 இடங்கள் கிடைத்தன. ஆனால் பொதுவான மரபு வேறுபாடுகள் அனைத்தையும் சேர்த்தாலும் அந்த நேரத்தின் வேறுபாட்டில் சுமார் 7 விழுக்காட்டைத்தான் விளக்க முடிந்தது. சில சீட்டு ஜோடிகளோடு முடிந்துவிடும் சிறு சோதனை என்பதால் அளவீடே கரடுமுரடானது என்பதும் இதற்கு ஒரு காரணம். அதே வெளியீட்டில் பொது அறிதிறனுக்கு 148 இடங்கள் கிடைத்தன. இரண்டு பட்டியல்களின் விளைவுகளும் ஓரளவு ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. வேகத்துக்கென்று ஒரு மரபணுவோ அறிவுக்கென்று ஒரு மரபணுவோ கிடையாது; ஒவ்வொன்றும் இம்மியளவு செயலாற்றும் ஆயிரக்கணக்கான கூறுகள் இருக்கின்றன.

பதில்: கோடும் புள்ளியும்

அம்மா, நான் ஓய்வு பெற்ற சுருக்கெழுத்தர், வயது 69. தங்கள் தந்தையாரின் விரல்கள் பற்றி எழுதியதைப் படித்தவுடன் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தாங்கள் முரண் என்று நினைப்பதை உளவியலறிஞர் டிமதி சால்ட்ஹவுஸ் 1984-லேயே அளந்து காட்டியிருக்கிறார். 19 முதல் 72 வயது வரையிலான 74 தட்டச்சர்களை அவர் சோதித்தார். நிமிடத்துக்கு 17 சொல் அடிப்பவர்களும் அதில் இருந்தார்கள், 104 சொல் அடிப்பவர்களும் இருந்தார்கள். பொத்தானைத் தேர்ந்து அழுத்தும் சோதனையில் வயதானவர்கள் எதிர்பார்த்தபடியே பின்தங்கினார்கள். விரலால் தொடர்ந்து தட்டும் வேகமும் குறைந்திருந்தது. ஆனால் தட்டச்சு வேகத்தில் வயதால் குறைவு தெரியவில்லை. காரணம் என்னவென்றால், அனுபவம் வாய்ந்த மூத்த தட்டச்சர்களின் கண், அடித்துக்கொண்டிருக்கும் எழுத்தைத் தாண்டிக் கூடுதல் தூரம் முன்னே போய்ப் படித்துக்கொண்டிருந்தது. அடுத்து வரப்போவதை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்வதால், ஒவ்வோர் எழுத்துக்கும் புதிதாக எதிர்வினை ஆற்ற வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. எந்த அளவுக்கு முன்னே பார்க்கிறார்கள் என்பதைத் திரையில் தெரியும் எழுத்துகளைக் குறைத்துக் குறைத்து அவர் சோதித்தார்.

இதை நான் என் உடம்பால் அறிவேன். சுருக்கெழுத்தில் வாக்கியம் எங்கே போகிறது என்பது காதுக்கு முன்பே தெரிந்திருக்கும். அதனால் கை அவசரப்படுவதில்லை. ஆனால் சாலையில் குறுக்கே வரும் ஆட்டை முன்கூட்டியே படித்து வைக்க முடியாது. சரியும் டம்ளரும் அப்படித்தான். அவை வெறும் எதிர்வினையை மட்டுமே கேட்கின்றன. ஆகவே தந்தையாரின் தட்டச்சு வேகத்தைப் பார்த்து அவருடைய எதிர்வினை நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடையவும் வேண்டாம். டம்ளர் விழுவதைப் பார்த்து அறிவே போய்விட்டது என்று அஞ்சவும் வேண்டாம். இரண்டும் வெவ்வேறு திறமைகள்.

ஸ்கூட்டரைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்குச் சுமார் 11 மீட்டர் ஓடுகிறது. பிரேக்கை நோக்கிக் கை போக 0.2 விநாடி கூடுதலாக எடுத்தால், வண்டி இரண்டு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிவிடும். அது ஓர் ஆட்டின் நீளத்தைவிட அதிகம். நான் சென்ற ஆண்டே ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

வீட்டில் ஓர் அளவுகோல் இருந்தால் இதைத் தாங்களே பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் அடிமுனையில் தந்தையாரின் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் தொடாமல் திறந்திருக்க, சொல்லாமல் விட்டுவிடுங்கள். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் சுமார் 0.20 விநாடி, 30-இல் பிடித்தால் சுமார் 0.25 விநாடி. ஒரே முறை பார்த்து முடிவு கட்டக் கூடாது. முதுமையில் சராசரி கூடுவதோடு, ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் உள்ள ஏற்ற இறக்கமும் கூடும் என்பதால் பத்து முறையாவது பார்க்க வேண்டும்.

பதில்: வெண்மணல்

நான் முதியோர் மருத்துவப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர். ஒருவரை நேரில் பார்க்காமல் நோயைப் பற்றிச் சொல்வது முறையன்று. ஆகவே சோதனையைப் பற்றியும், அதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

எச்சில் சோதனைகள் டிமென்ஷியா தொடர்பாகப் பெரும்பாலும் பார்ப்பது 19-ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிஓஈ மரபணுவைத்தான். அதற்கு ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வடிவங்கள் உண்டு. ஒவ்வொருவரும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளைப் பெறுகிறோம். முதுமையில் வரும் அல்சைமர் நோயோடு ஈ4 வடிவத்துக்குத் தொடர்பு உண்டு என்று 1993-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு கண்டறிந்தது. ஈ4 உள்ள பலருக்கு வாழ்நாள் முழுவதும் நோய் வருவதில்லை. நோய் வந்த பலரிடம் ஈ4 இருப்பதில்லை. மேலே குறிப்பிட்ட ஸ்காட்லாந்துக் குழுவினரிடம் இதைப் பார்த்தபோது, பதினோரு வயது மதிப்பெண்ணில் ஈ4 உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. எண்பதை ஒட்டிய வயதில்தான் ஈ4 உள்ளவர்களின் சராசரி சற்றுக் குறைந்திருந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு இது நேரான விடை என்று நினைக்கிறேன்: அறிவு அமைவதில் பங்கில்லாத ஒரு மரபணு, அது தேய்வதில் பங்கு கொள்கிறது.

பெரியப்பாவுக்கு வந்தது அல்சைமர்தானா, ரத்தக்குழாய் அடைப்பால் வந்த டிமென்ஷியாவா என்பது நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை. அவருக்கு ஈ4 ஒரு பிரதி இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், உங்கள் அப்பாவுக்கு அது வந்திருக்க ஏறத்தாழப் பாதி வாய்ப்புதான் உண்டு. ஒற்றை மரபணுவால் தலைமுறைதோறும் வரும் அரிய வகை பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வெளிப்பட்டுவிடும். 78 வயதில் தொடங்கிய நோய் அந்த வகையில் சேர்வது மிக அரிது.

இன்னொன்றையும் யோசியுங்கள். அப்பாவுக்கு ஈ4 இரண்டு பிரதிகள் இருப்பதாக முடிவு வந்தால், உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் தலா ஒன்று உறுதியாக இருக்கிறது என்று பொருள். நீங்கள் இருவரும் சோதனை செய்துகொள்ளாமலேயே உங்களைப் பற்றிய செய்தியைத் தெரிந்துகொள்வீர்கள். தெரிந்த பிறகு அதை மறக்க முடியாது. அதற்கு மனம் தயாராக இருந்தால் மட்டும், மரபணு ஆலோசகர் ஒருவரோடு பேசிவிட்டுச் செய்யுங்கள்.

அதற்கு முன் அப்பாவை அருகில் உள்ள மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஓராண்டுக்குள் தெரியும் தாமதத்துக்குத் திருத்தக்கூடிய காரணங்கள் பல உண்டு: பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, கண்புரை, காது மந்தம், உறக்க மாத்திரைகள், மயக்கம் தரும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள். பார்க்கின்சன் நோயின் தொடக்கமும் மெதுவாகத்தான் வரும். அதை நேரில் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். கேள்விக்குத் தாமதமாக விடை சொல்பவருக்குக் கேள்வியே சரியாகக் காதில் விழவில்லை என்பதை நான் வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். ரத்த அழுத்தத்தையும் அவசியம் பாருங்கள். நீண்ட காலக் கட்டுக்கடங்கா அழுத்தம் மூளையின் வெண்பொருளைச் சிதைக்கிறது. மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பு இழைகள் ஓடும் இடம் அதுவே என்பதால், அங்கே சேதம் வந்தால் முதலில் குறைவது வேகம்தான்.

விலை பேசுவது, மின்கட்டணம் கட்டுவது, மாத்திரைகளை நேரத்துக்கு எடுத்துக்கொள்வது, தெரிந்த வழியில் போய்வருவது ஆகியவற்றை அவர் முன்போலவே செய்கிறாரா? அதில் மாற்றம் இருந்தால் தாமதிக்காதீர்கள். விடை தாமதமாக வந்தாலும் சரியாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி எனக்கு ஆறுதல் அளிக்கிறது. 2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் வல்லுநர் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் வரும் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. அந்தப் பட்டியலில் காது கேளாமையும் உயர் ரத்த அழுத்தமும் இருக்கின்றன.

செங்கமலம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த வாரம் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். ஸ்கூட்டர் சாவியை அப்பாவிடம் கேட்கும்போது எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அவர் ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அளவுகோல் சோதனையை நேற்று மாலை செய்தோம். பத்து முறையில் மூன்று முறை அளவுகோல் விரல்களுக்கு இடையே நழுவி விழுந்தது. மற்ற ஏழில் 22 முதல் 29 சென்டிமீட்டர் வரை வந்தது. அப்பாவே அதையெல்லாம் ஒரு தாளில் தட்டச்சு செய்து, தேதி போட்டு வைத்துக்கொண்டார்.

தம்பி இன்னும் ஒரு சந்தேகம் கேட்கிறான். ஏபிஓஈ தவிர, ஆயிரக்கணக்கான மரபணுக் கூறுகளைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகத் தருகிறார்களாமே, அதையாவது நம்பலாமா?

பதில்: எண்ணும் எழுத்தும்

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை நம்ப இடமில்லை என்றே சொல்வேன். நான் குறிப்பிட்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வில் மூன்று லட்சம் பேரின் தரவைக் கொண்டு அமைத்த கூட்டு மதிப்பெண்ணே, வேறொரு குழுவில் சோதித்தபோது, அறிதிறன் வேறுபாட்டில் அதிகபட்சம் 4.3 விழுக்காட்டைத்தான் விளக்கியது. அந்த மூன்று லட்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். சோதித்த குழுவும் அப்படியே. மரபுக் குறியீடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து வரும் விதமும் அவை மக்களிடையே காணப்படும் விகிதமும் வம்சாவளிக்கு ஏற்ப மாறுவதால், ஐரோப்பியருக்காகக் கணக்கிட்ட மதிப்பெண்ணைத் தெற்காசியருக்குப் பொருத்தும்போது அதன் துல்லியம் இன்னும் குறைகிறது.

நம் நாட்டு முதியோரைப் பற்றிய தரவு இப்போதுதான் சேர்ந்து வருகிறது. முதுமை குறித்த இந்திய நெடுங்கால ஆய்வின் ஒரு பகுதியாக டிமென்ஷியாவைத் தனியே ஆராய்ந்தவர்கள், 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, அது இருக்கிறது என்று 2023-இல் மதிப்பிட்டார்கள். அதே ஆய்வில் பங்குபெற்ற சுமார் 2,700 பேரின் முழு மரபணுத் தொகுதியையும் படித்திருக்கிறார்கள். மூன்று லட்சத்துக்கு முன் 2,700 சிறிய எண்தான்; ஆனால் அந்த முதியவர்களின் நினைவாற்றலையும் அறிதிறனையும் அளந்த விவரம் அவற்றோடு சேர்ந்தே இருக்கிறது என்பதால், அந்தத் தொடக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அப்பா தட்டச்சு செய்து வைத்த தாளைப் பத்திரப்படுத்துங்கள். எந்த மரபணு அறிக்கையைவிடவும் அது மருத்துவருக்கு உதவும். ஏனெனில் அது அவரை அவரோடு ஒப்பிடுகிறது. நழுவிய மூன்று முறைகளையும் விட்டுவிடாமல் அதில் எழுதியிருக்க வேண்டும். ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதை அவைதான் காட்டும். ஆறு மாதம் கழித்து, அதே அளவுகோலால், அதே கையில், அதே மாலை நேரத்தில் மீண்டும் பத்து முறை பாருங்கள். அன்று புதிய மாத்திரை ஏதும் எடுத்தாரா, முந்தின இரவு எவ்வளவு நேரம் தூங்கினார் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடச் சொல்லுங்கள்.